சிவப்பைக் கண்டு மிரண்ட காலம்

நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா பையன் போன மாதம் போன் செய்தான். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போடுகிறானாம்.

"மாமா, இதுல ஒரு கேள்வி இருக்கு. எப்பவாவது கம்யூனிஸ்ட் கட்சியில உறுப்பினரா இருந்திருக்கீங்களான்னு கேக்கறான். காலேஜ்ல ஃப்ரெண்டோட சேர்ந்து எஸ்.எஃப்.ஐ. போஸ்டர் ஒட்டினேனே, அது கணக்குல வருமா?"

"அது மாணவர் சங்கம்டா, கட்சி இல்ல. எதுக்கும் உன் வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றேன். வங்கிக்காரன் புத்தி. எதிலும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டால்தான் நிம்மதி :-)

அவனுக்கு இது சிரிப்பாக இருந்தது. சோவியத் யூனியனே 1991-ல் கடையைக் கட்டிவிட்டது, இன்னும் எதற்கு இந்தக் கேள்வி என்கிறான். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது 1950-ல் அங்கே வந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். கம்யூனிஸ்டுகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று அதில் எழுதினார்கள். அதே வருடம் பிப்ரவரி 9-ம் தேதிதான் மெக்கார்த்தி என்ற செனட்டர், மேற்கு வர்ஜீனியாவில் வீலிங் என்ற ஊரில் பேசி, அரசாங்கத்துக்குள்ளேயே கம்யூனிஸ்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கிளப்பிவிட்டார். அப்புறம் நான்கைந்து வருடம் அந்த ஊரில் யார் யாரைக் காட்டிக்கொடுப்பது என்று ஒரே அமளி. இந்தக் கதை நம்மில் பலருக்கும் தெரியும். ஹாலிவுட்காரர்கள் படமாகவே எடுத்துத் தள்ளிவிட்டார்கள்.

அந்த வீலிங் பேச்சு நடந்து இரண்டே நாளில், 1950 பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் போலீஸ் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். மலபார் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. நாடு குடியரசாகி பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. இந்தக் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேலத்திலேயே படித்து வளர்ந்து, இப்போது தில்லியில் என்னோடு வேலை பார்ப்பவரிடம் கேட்டுப் பார்த்தேன். அவருக்குத் தெரியவில்லை. அமெரிக்காக்காரனின் கம்யூனிஸ்ட் பயம் நமக்கு மனப்பாடம். நம்முடைய பயம் மறந்தே போய்விட்டது. ஆனால் அந்தப் பயத்தில் போட்ட சட்டங்களும் வழக்கங்களும் இன்னும் நம் தலைமேல் இருக்கின்றன என்பது என் கட்சி. (கட்சி என்றால் வாதம். எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினர் இல்லை!)

பயம் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1948-ல் கல்கத்தாவில் கூடிய கட்சி மாநாடு ரணதிவேயைப் பொதுச்செயலாளராக்கி, நேரு அரசை ஆயுதம் எடுத்துக் கவிழ்ப்பது என்ற பாதையில் இறங்கியது. தெலங்கானாவில் 1946-லிருந்தே ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அது 1951-ல்தான் முடிந்தது. ஆட்கள் கொல்லப்பட்டார்கள், இரண்டு பக்கமும். 1949-ல் சீனா வேறு சிவப்பாகிவிட்டது. அன்றைக்கு முதல்வர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் தூக்கம் வந்திருக்காது. சென்னை மாகாண அரசு 1949-ல் கட்சியைத் தடை செய்தது. ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டது.

எங்கள் தாத்தாவுக்கு மன்னார்குடிப் பக்கம் ஒன்றரை வேலி நிலம் இருந்தது. பெரிய மிராசு என்று சொல்ல முடியாது, ஆனால் பண்ணையாட்கள் இருந்தார்கள். "கம்யூனிஸ்ட்டு" என்பது அவர் வாயில் ஒரு வசவு. காப்பியில் சர்க்கரை குறைந்தால்கூட "எவன்டா கம்யூனிஸ்ட்டு போட்டது இது" என்பாராம், அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். சிவப்புத் துண்டு போட்ட ஆள் தெருவில் போனால் பாட்டி கதவைச் சாத்துவாளாம். கீழத் தஞ்சையில் சீனிவாசராவ் என்ற கன்னடம் பேசும் மனிதர் 1943-லிருந்து சேரி சேரியாகப் போய் விவசாயச் சங்கம் கட்டியிருந்தார். சாணிப்பால் புகட்டாதே, சவுக்கால் அடிக்காதே என்பதுதான் அவர்களுடைய முதல் கோரிக்கைகளில் ஒன்று. அதைக் கேட்பதற்கே ஒரு சங்கம் தேவைப்பட்டிருக்கிறது என்பதை இப்போது நினைத்தால் பாட்டி சாத்திய கதவு வேறு மாதிரித் தெரிகிறது. போகட்டும்.

தில்லிவாசிகளுக்கு கோல் மார்க்கெட் தெரியும். பக்கத்தில் மந்திர் மார்கில் நம் தமிழ்ப் பள்ளி இருப்பதால் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகவே தெரியும். அங்கேதான் மார்க்சிஸ்ட் கட்சியின் தலைமையகம், ஏ.கே. கோபாலன் பவன். ஆட்டோவில் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஏ.கே.ஜி. போட்ட வழக்குதான் 'கோபாலன் எதிர் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்'. சட்டக் கல்லூரியில் முதல் வருடத்திலேயே வந்துவிடும்.

1947 டிசம்பரிலிருந்து அவர் உள்ளேயே இருந்தார். சாதாரண சட்டத்தில் கொடுத்த தண்டனைகள் ரத்தானாலும் காவல் மட்டும் தொடர்ந்தது. 1950 பிப்ரவரியில் நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டம் போட்டது, ஒரு வருடத்துக்கு மட்டும் என்று சொல்லி. மார்ச் 1-ம் தேதி அந்தப் புதுச் சட்டத்தின் கீழ் அவர் கையில் உத்தரவைக் கொடுத்தார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். அப்போது உச்ச நீதிமன்றத்துக்கு சொந்தக் கட்டடம் கிடையாது, நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ராஜாக்கள் கூடுவதற்காகக் கட்டிய மண்டபத்தில் நடந்தது. சட்டம் போட்டதும் அங்கே, அது செல்லுமா என்று பார்த்ததும் அதே கட்டடத்தில். எம்.கே. நம்பியார் வாதாடினார். மே 19-ல் தீர்ப்பு: சட்டம் செல்லும். காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற 14-ம் பிரிவை மட்டும் அடித்தார்கள். ஆளை அடைக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டுவிட்டால் போதும், அது நியாயமான சட்டமா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்பதுதான் சாரம். ஃபஸல் அலி என்ற நீதிபதி அழுத்தமாக மறுத்தார்.

ஒரு வாரம் கழித்து, மே 26. ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகை பம்பாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணத்துக்குள் அது வரக் கூடாது என்று தடை. அதே நாளில் இன்னொரு வழக்கு, தில்லியிலிருந்து வந்த 'ஆர்கனைசர்', ஆர்.எஸ்.எஸ். பத்திரிகை. அச்சடிக்கும் முன் எங்களிடம் காட்டு என்று தில்லி நிர்வாகம் உத்தரவு போட்டிருந்தது. இடது ஒன்று, வலது ஒன்று. இரண்டு உத்தரவையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுதியவர் நம்மூர்க்காரர், பதஞ்சலி சாஸ்திரி. கோபாலன் வழக்கில் சட்டம் செல்லும் என்றவர்களில் அவரும் ஒருவர். இப்போது அவர் பத்திரிகைகளின் பக்கம். கோபாலனுக்காக நின்ற ஃபஸல் அலியோ, இங்கே அரசாங்கத்தின் பக்கம்! ஒரே வாரத்தில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். நீதிபதிகளை அவர் நல்லவர், இவர் கெட்டவர் என்று பெயர் போட்டு வைத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

அரசாங்கம் சும்மா இருந்ததா? அரசியல் சட்டத்துக்கு ஒன்றரை வயதுகூட ஆகவில்லை, 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்துவிட்டது. பேச்சுரிமையில் 'பொது ஒழுங்கு' என்ற கத்தரிக்கோல் அப்போதுதான் நுழைந்தது. மக்கள் இன்னும் ஓட்டே போடவில்லை, முதல் பொதுத் தேர்தலுக்கு முன்பிருந்த தற்காலிக நாடாளுமன்றம் அதைச் செய்தது. சியாமா பிரசாத் முகர்ஜி கடுமையாக எதிர்த்துப் பேசினார். இன்றைக்கு எந்த ஊரிலாவது ஒரு கூட்டத்துக்கோ, படத்துக்கோ, பத்திரிகைக்கோ 'பொது ஒழுங்கு' என்று சொல்லித் தடை போட்டால் அதன் பிறப்புச் சான்றிதழில் பாதி சென்னை மாகாணத்துடையது. கம்யூனிஸ்ட் பத்திரிகைக்குப் பயந்து வெட்டிய கிணறு அது. அதில் எல்லோரும் விழுந்து எழுந்தாயிற்று.

இனி 1952. சென்னை மாகாணத்தில் மொத்தம் 375 இடம். காங்கிரசுக்குக் கிடைத்தது 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62! தடை, சிறை, துப்பாக்கிச்சூடு எல்லாம் தாண்டி. முதல்வர் குமாரசாமி ராஜாவே தோற்றுப்போனார். பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் ஜெயித்தார். பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்து எங்களுக்குப் பெரும்பான்மை இருக்கிறது என்று நின்றன. கூட்டணியில் கம்யூனிஸ்டுகள்தான் பெரிய கட்சி. ஆளுநர் ஸ்ரீபிரகாசா என்ன செய்தார்? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க வாருங்கள் என்று அழைத்தார். ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடி. ராஜாஜி சட்டசபையில் கம்யூனிஸ்டுகளே தனக்கு முதல் எதிரி என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு முந்தைய வருடம் மத்திய உள்துறை அமைச்சராக இருந்து, ஒரு வருடத்துக்கு மட்டும் என்ற அந்தத் தடுப்புக் காவல் சட்டத்தை நீட்டிக்க வைத்தவரும் அவர்தான்.

பெரும்பான்மையைத் தேடிப் பிடித்த விதம் இன்னும் சுவாரசியம். வட தமிழ்நாட்டு வன்னியர்கள் காமன்வீல் கட்சி, உழைப்பாளர் கட்சி என்று இரண்டாக நின்று காங்கிரசை எதிர்த்து ஜெயித்திருந்தார்கள். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் ராஜாஜி மந்திரிசபையில் சேர்ந்தார். உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாச்சி வெளியிலிருந்து ஆதரித்து, 1954-ல் காமராஜ் மந்திரிசபைக்கு வந்தார். சாதிக் கட்சி தனியாக நின்று ஜெயித்து, பிறகு பேரம் பேசி அமைச்சராவது என்ற, நமக்கெல்லாம் ரொம்பப் பழக்கமான பாதை அங்கேயே போடப்பட்டுவிட்டது. ஆளுநர் யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று டிவியில் இரவெல்லாம் கத்துகிறார்களே, அந்தச் சண்டைக்கும் 1952 சென்னைதான் அரிச்சுவடி.

ராஜாஜியைத் திட்டித் தீர்த்துவிடவும் முடியவில்லை. அதே 1952 ஆகஸ்டில் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. நினைத்தபோது ஆளை வெளியேற்றக் கூடாது, குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்காவது தர வேண்டும். தன் கட்சியிலிருந்த மிராசுதார்களின் முறைப்பையும் பொருட்படுத்தாமல் செய்தார். ஏன் செய்தார்? சீனிவாசராவின் சங்கம் இல்லையென்றால் செய்திருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். எங்கள் தாத்தா "கம்யூனிஸ்ட்டுக்குப் பயந்து நம்ம தலையில கை வெச்சுட்டாரு ஆச்சாரியார்" என்று சாகும்வரை சொன்னாராம். தாத்தா சொன்னதில் எனக்கு முழுக்க உடன்பாடான ஒரே அரசியல் கருத்து அதுதான். வினோபாவின் பூதானமும் 1951-ல் தெலங்கானாவில், போச்சம்பள்ளியில்தானே பிறந்தது? பயம் சிறைக் கதவையும் மூடியது, நிலத்தின் வேலியையும் கொஞ்சம் தளர்த்தியது. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்கு எழுத வேண்டும். பற்றை மட்டும் எழுதி வரவை விட்டால் பேலன்ஸ் ஷீட் டாலி ஆகாது, பி.காம். படித்தவனுக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி.

வங்கிக்காரர்களுக்கு ஒரு கொசுறு. நம் ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் அடிக்கடி வரும் 'சாஸ்திரி அவார்ட்' 1953-ல் வந்தது. வங்கி ஊழியர் சங்கத் தலைவர்கள் பலர் கம்யூனிஸ்டுகள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியர்களுக்குச் சாதகமாகக் கொடுத்ததை மத்திய அரசு மாற்றியபோது, தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி 1954-ல் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். இன்னொன்று. கோபாலன் வழக்கில் எடுத்த நிலையை உச்ச நீதிமன்றம் எந்த வழக்கில் கைவிட ஆரம்பித்தது தெரியுமா? 1970 பிப்ரவரியில், வங்கி தேசியமய வழக்கில்! ஒரு கம்யூனிஸ்ட் கைதிக்குக் கிடைக்காத நியாயம், இருபது வருடம் கழித்து, வங்கிப் பங்குதாரர் கூப்பருடைய சொத்து விஷயத்தில் பிறந்தது. 1978-ல் மேனகா காந்தி வழக்கில்தான் அது ஆளின் சுதந்திரத்துக்கும் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ப்ரமோஷன் பரீட்சைக்காக கூப்பர் வழக்கை நெட்டுருப் போட்டபோது இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கேரளா 1959 பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. 1957-ல் ஓட்டுப் போட்டு வந்த நம்பூதிரிபாடு அரசை ஜூலை 31 அன்று 356-வது பிரிவைக் காட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நேரு பிரதமர், இந்திரா கட்சித் தலைவர். தில்லியில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான், கேரளத்திலும் வங்காளத்திலும் கம்யூனிஸ்டுகளைத் தடுக்க இரண்டு முறை காங்கிரசுக்குப் பணம் கொடுத்தோம் என்று பின்னால் தன் புத்தகத்திலேயே எழுதினார். 1976 ஜனவரி 31-ல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டதும் அதே 356-ல்தான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு அதுதானே உயிர். 1949-ல் ரயில்வேயில் தேசப் பாதுகாப்பு விதிகள் என்று ஒன்று வந்தது. கம்யூனிஸ்ட் என்றோ, சங்கத்தில் தீவிரமாக இருக்கிறான் என்றோ சந்தேகம் வந்தால் வேலையை முடித்துவிடலாம். பாலகோட்டையா என்பவரும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1957-ல் தீர்ப்பு: உன் கட்சியில் இருக்க உனக்கு உரிமை உண்டு, அதை யாரும் பறிக்கவில்லை, வேலை மட்டும்தான் போயிற்று! படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 1983-ல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு ஆசிரியர் வழக்கு. அவர் கம்யூனிஸ்ட் இல்லை. ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கக் காரியங்களில் கலந்துகொண்டார் என்று போலீஸ் எழுதியதால் வேலை போனவர். கம்யூனிஸ்டுக்கு வெட்டிய குழி யாரை விழுங்கியது பாருங்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த உத்தரவைச் செல்லாது என்றதோடு, மெக்கார்த்தியிசம் இந்த நாட்டு அரசியல் சட்டத்துக்கு ஆகாது என்று பெயர் சொல்லியே எழுதினார்.

போன ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாரில் பிள்ளையார் கோயில் முடிந்து நாலைந்து பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பேச்சு இங்கே வந்தது. மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், "சார், தப்புத்தண்டா பண்ணாதவனுக்கு என்ன பயம்? நாட்டுக்கு எதிரா இருக்கறவனைத் தூக்கி உள்ள போடறதுல என்ன தப்பு?" என்றார். நம் வீடுகளில் அதிகம் கேட்கும் வாசகம் இதுதான். குண்டு வைத்தவனை, கொலை செய்தவனைப் பிடித்து வழக்குப் போட்டு உள்ளே தள்ள எப்போதுமே சட்டம் இருந்தது மாமா என்றேன். வழக்கே போடாமல், இவன் என்ன ஆள், யாரோடு சேருகிறான் என்று பார்த்து உள்ளே தள்ளத்தான் தனிச் சட்டம் தேவைப்பட்டது. ஒரு வருடத்துக்கு என்று வந்த சட்டம் 1969 கடைசி வரை ஓடியது. பிறகு 1971-ல் மிசா. எமர்ஜென்சியில் அதே மிசாவில் ஜனசங்கத்தாரும் திமுகவினரும் மார்க்சிஸ்டுகளும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்தார்கள். 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம். 1982-ல் நம்மூர் குண்டர் சட்டம். மிசாவில் அடிபட்டதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கட்சியும் ஆட்சிக்கு வந்தபின் குண்டர் சட்டத்தை விடவில்லை.

பெரியவர் விடவில்லை. "அதெல்லாம் பழைய கதை" என்றார்.

திருச்சி மாவட்டத்துக்காரர், ஸ்டேன் சுவாமி பாதிரியாரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஜார்க்கண்டில் பழங்குடிகளோடு வாழ்ந்தவர். மாவோயிஸ்ட் தொடர்பு என்று 2020 அக்டோபரில் யுஏபிஏ சட்டத்தில் பிடித்தார்கள். பார்க்கின்சன் நோய், கை நடுக்கம், தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. ஜாமீனுக்குக் காத்திருந்தபடியே 2021 ஜூலை 5-ல் 84 வயதில் போய்ச் சேர்ந்தார். குற்றம் செய்தாரா இல்லையா என்று இனி எந்த நீதிமன்றமும் அவரை வைத்து விசாரிக்க முடியாது. 2008-ல் திருத்திய அந்தச் சட்டத்தில், போலீஸ் சொல்வது மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. 1950-ல் கோபாலனிடம் பேசிய அதே தொனி.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கப்பா ராஜாஜி பக்தர். அவர் கம்யூனிஸ்ட்டுன்னாலே எழுந்து போயிடுவார். 67-ல என்ன செய்யறதுன்னு தெரியாம முழிச்சார்" என்றார்.

முழிக்காமல் என்ன செய்வார், பாவம். 1967 தேர்தலில் காங்கிரசைத் தோற்கடிக்க அண்ணா கட்டிய கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திரா கட்சியும் இருந்தது, ராமமூர்த்தியின் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது.